கையகலக் கணிப்பொறியும் காவலூர்ப் பிள்ளைகளும்

2023-ஆம் ஆண்டு ஏப்பிரல் 22-ஆம் நாள் சிறீகரிக்கோட்டையினின்று பி.எசு.எல்.வி. சி-55 என்னும் ஏவூர்தி விண்ணிற் செலுத்தப்பெற்றது. சிங்கப்பூர் நாட்டின் செயற்கைக்கோள்களை உரிய வட்டத்தில் இறக்கிவிட்ட பின்னும் அதன் இறுதி அடுக்கு வெற்றுக்கூடாய்ப் போய்விடவில்லை. சில ஆய்வுக் கருவிகளைச் சுமந்துகொண்டு புவியைச் சுற்றி வந்தது. அவற்றுள் ஒன்று பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் ஆக்கியது. 'இசுடார்பெரிசென்சு' என்று அதற்கு ஆங்கிலப் பெயர் சூட்டியுளர். நாம் அதனை மீன்காண் கருவி என்போம். விண்ணில் திரியும் ஒரு செயற்கைக்கோள் தன் முகம் எத்திசை நோக்கியுளது என்பதைத் தானே அறிந்துகொள்ளல் வேண்டும். அதற்கு எதிரே தோன்றும் விண்மீன்களைப் படம்பிடித்து, நினைவில் வைத்துள்ள விண்மீன் பட்டியலோடு ஒப்பிட்டு, இன்ன கூட்டம் இன்ன இடத்தில் தெரிவதால் யான் இன்ன திசை நோக்கியுளேன் எனக் கணக்கிடல் வேண்டும். அக்கணக்கைப் போடும் மூளையாக அதில் அமைந்தது எது? விண்வெளிக்கென்றே தனியே வடித்த, விலைமிகுந்த பொறி அன்று. பள்ளிப் பிள்ளைகள் விளக்கெரித்து விளையாட வாங்கும் இராசுபெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணிப்பொறியே அது.

இச்செய்தியில் நம் நெஞ்சைத் தொட்டது பிறிதொன்று. ஏவப்பெறுமுன் அக்கருவியை வானை நோக்கி வைத்துப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு நடந்த இடம், சவ்வாது மலைமேல் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம். கையகலமே உள்ள அம்மலிவுப் பலகை, தமிழ்நாட்டு மலையொன்றின்மேல் நின்று நம் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் விண்ணுக்குப் போயிற்று!

காவலூர் இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயத்தை அடுத்து, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர். நகர்ப்புற ஒளி எட்டாத அதன் இருளை விரும்பி 1960-களின் இறுதியில் அங்கு வானாய்வு தொடங்கப்பெற்றது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனசு கோளைச் சுற்றியும் வளையங்கள் உள என்று காட்டிய 1977 மார்ச்சு 10-ஆம் நாள் நோக்கீடுகளுள் காவலூரினதும் ஒன்று. பின்னர் இந்நாட்டிலேயே வடித்து உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரி 6-ஆம் நாள் அன்றைய தலைமையமைச்சர் இராசீவ் காந்தியால் நாட்டுக்கு ஒப்படைக்கப்பெற்றது. அதற்கென உழைத்த வைணு பாப்பு அதனைக் காணாமலே 1982-இல் மறைந்தார். 1988-இல் அங்குக் கண்டறியப்பெற்ற சிறுகோள் ஒன்று கணக்கறிஞர் இராமானுசன் பெயரைத் தாங்கி இன்றும் கதிரவனைச் சுற்றி வருகின்றது.

இத்துணைப் புகழும் ஒருபுறம் இருக்கட்டும். அக்குவிமாடத்தைச் சூழ்ந்து வாழ்வோர் யாவர்? அரசு ஏடுகள் 'மலையாளி' என்று குறிக்கும் பழங்குடி மக்கள். கேரள நாட்டு மலையாளத்தாரோடு இவர்களைக் குழப்பிக் கொள்வார் இன்னும் உளர். இவர்கள் மலையை ஆள்பவர், தாய்மொழி தமிழ். சாமை விதைத்தும் புளியும் பலாவும் தேனும் திரட்டியும் வாழ்பவர். இவர்தம் பிள்ளைகள் பலர் பயில்வது அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில். அப்பிள்ளைகள் ஆண்டாண்டாய் அண்ணாந்து பார்த்துவரும் வெண்ணிறக் குவிமாடத்திற்குள் நடப்பது என்ன என்பதை அவர்கட்கு அவர்தம் மொழியில் சொல்லித் தருதற்கு மிகப்பெரிய தொலைநோக்கி வேண்டுவதில்லை. அந்த மீன்காண் கருவிக்குள் இருந்த பலகை போன்ற ஒன்று போதும். அதனை எடுத்துச் சொல்ல ஒரு நூல் வேண்டும். அந்நூல் தமிழில் இருத்தல் வேண்டும். இதுவே நம் வழக்கு.

முதலில் இப்பலகை இன்னதென அறியாத அன்பர்க்கு ஒரு சில சொல்வோம். மேசைக் கணிப்பொறியின் உள்ளுறுப்புகளான நுண்செயலி, நினைவகம், படமும் ஒலியும் காட்டும் பகுதி ஆகிய எல்லாவற்றையும் ஒரே பலகையில் பொருத்திவிட்டால் அஃது ஒற்றைப் பலகைக் கணிப்பொறி. இராசுபெரி பையின் பெரிய பலகையே 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் உடையது. ஒரு சீட்டுக்கட்டின் அளவு. திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை நாம் இணைத்துக் கொள்ளல் வேண்டும். வன்வட்டு இல்லை, நகத்தளவான நினைவட்டையே அதன் களஞ்சியம். பலகையின் ஓரத்தில் 40 ஊசிமுனைகள் நிமிர்ந்து நிற்கின்றன. கணிப்பொறிக்குக் கையும் காலும் கண்ணும் அவையே. அவற்றில் ஒரு விளக்கை இணைத்தால் எரியச் செய்யலாம்; மழைமானியை இணைத்தால் துளியெண்ணச் செய்யலாம்; பொறியுருளையை இணைத்தால் ஓடச் செய்யலாம். நாம் வீட்டில் வைத்துள்ள கணிப்பொறியில் இம்முனைகள் வெளியே இல்லை. கைப்பேசியிலோ திறக்கவே வழியில்லை.

இதனை ஆக்கியோர் கேம்பிரிட்சு நகரத்தார். கணிப்பொறியியல் பயில வரும் மாணாக்கர் தொகையிலும் குறைந்து, வருவோரும் நிரலெழுதிப் பழகாதவராய் வருவதைக் கண்டு கவலையுற்ற எபன் அப்டன் முதலானோர், பிள்ளைகள் அஞ்சாமல் கையாளத்தக்க மலிவுப் பொறி ஒன்றை ஆக்க முனைந்தனர். 2012 பிப்பிரவரி 29-ஆம் நாள் 35 அமெரிக்கத் தாலர் விலைக்கு அது வெளிவந்தது. 2015 நவம்பரில் 5 தாலருக்கு இன்னுஞ் சிறிய பலகையொன்றை வெளியிட்டபோது, அதனைத் தம் திங்களிதழின் அட்டையில் ஒட்டியே இதழ் வாங்கியோர்க்குக் கொடுத்தனர். இதழோடு நாட்காட்டி கொடுப்பதைக் கண்டிருக்கிறோம். இதழோடு கணிப்பொறி கொடுத்தார் அவர்! இதற்கு முன்பே 2005-இல் இத்தாலி நாட்டு இவிரியா நகரில் ஆர்டுவினோ என்னும் சிறு பலகை தோன்றியிருந்தது. அதன் வரைபடம் எவரும் பார்த்துச் செய்துகொள்ளத் திறந்தே வைக்கப்பெற்றுளது. 2016-இல் பிரித்தானியாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகட்கு ஏறத்தாழப் பத்து இலக்கம் மைக்ரோ-பிட் பலகைகளை விலையின்றி வழங்கினர்.

தம் பிள்ளைகள் பிறர் ஆக்கியதைத் தட்டிக்கொண்டே இருந்துவிடுவரோ என்று அவர் அஞ்சினார், வழி கண்டார். நம்மவர்க்கு அவ்வச்சம் வந்ததுண்டா?

இந்திய நடுவணரசு 1984-இல் 'கிளாசு' என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 250 பள்ளிகளில் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறிகளை வைத்தது. இராசுபெரி பையை ஆக்கிய அப்டன் இளமையில் பழகியதும் அதே பி.பி.சி. மைக்ரோதான். ஒரே பொறி; அங்கே அது தன் வழித்தோன்றலை ஈன்றது; இங்கே திட்ட அறிக்கைகளை ஈன்றது. கரணியம் பலவாகலாம். ஒன்றை நாம் அறிவோம். கணிப்பொறி என்பது தொடத் தகாத திருவுரு என்னும் எண்ணம் நம் பள்ளிகளில் இன்றும் அகலவில்லை. நாம் முன்னர்ப் பணியாற்றிய பள்ளியொன்றில் (பெயர் வேண்டா) கணிப்பொறிகள் துணிபோர்த்து வைக்கப்பெற்றிருந்தன. திறவுகோல் ஒருவரிடத்தில் மட்டும். பார்வையாளர் வரும் நாளில் போர்வை நீங்கும். சென்றதும் மீண்டும் மூடும். கெட்டுவிடும் என்று அஞ்சிப் பூட்டி வைத்த பொருள் பூட்டியபடியே கெட்டது.

2011-இற் பின் தமிழக அரசு மாணாக்கர்க்குப் பல இலக்கம் மடிக்கணினிகளை விலையின்றி வழங்கியது. ஏழைப் பிள்ளையின் மடியில் கணிப்பொறி ஏறிய அச்செயலை நாம் குறை கூறோம். ஆயினும் மடிக்கணினி பயன்படுத்துதற்கு உரியது. பலகைக் கணிப்பொறி பழுதாக்கிக் கற்றற்கு உரியது. தவறாக இணைத்தால் ஒரு பலகை போகும், பிள்ளை கற்கும். சில நூறு உருபா முதல் சில ஆயிரம் உருபா வரையில் விற்கும் பொருளாகலின் அவ்விழப்பைப் பள்ளி தாங்கும். (2025-இன் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலையேற்றத்தால் பெரிய பலகைகளின் விலையும் ஏறியதுண்டு, சிறியவை இன்னும் எட்டும் விலையிலேயே உள.)

விலை தடையன்று என்றோம். பின் எது தடை? இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. அறிவியற்கு மொழி ஏது என்று நம்மை எள்ளுவோர் இதனைப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

அண்மையில் ஒன்பதாம் வகுப்பு மாணவியொருத்தி ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து விளக்கொன்றை விட்டுவிட்டு எரியச் செய்தாள். விளக்கு ஏற்று, ஒரு நொடி பொறு, அணை, ஒரு நொடி பொறு என்பதே அந்நிரல். பொறுத்திருத்தலைக் குறிக்க அங்கு ஆளப்பெறும் ஆங்கிலச் சொல்லின் அகரமுதலிப் பொருள் உறங்குதல். அவள் அகரமுதலியைப் புரட்டிவிட்டு வந்து, "ஐயா, கணிப்பொறி உறங்குமா? உறங்கினால் விளக்கை யார் பார்த்துக்கொள்வார்?" என்று கேட்டாள். நகைப்பதற்கில்லை. அவள் அறிவு கூரியது. தடுக்கி விழுந்தது அயற்சொல்லின்மேல். 'பொறு' என்று நாம் சொன்ன அளவில் மூன்றாவது விளக்கையும் தானே இணைத்துவிட்டாள். ஆங்கிலேயப் பிள்ளைக்கு அச்சொல் வீட்டுச் சொல். நம் பிள்ளைக்கோ ஒவ்வொரு சொல்லும் ஒரு மலையேற்றம். சவ்வாது மலைப் பிள்ளைகட்கு ஏற மலை முன்பே உளது, இன்னொன்று எதற்கு?

இனி, தமிழில் இயலுமா என்னும் பழம்பாட்டு. இயலும் என்பதற்கு நம்மினும் அப்பொறியே சான்று. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியே செந்தரமான தமிழ்-99 விசைப்பலகை, இப்பலகைகளில் ஓடும் இலினக்சு இயக்க ஏற்பாட்டில் அமைந்தே உளது. பள்ளிக்கு ஏற்ற நிரல்மொழியாகப் பலரும் கொள்ளும் பைத்தான், 2008 முதல் மாறிகட்குத் தமிழெழுத்தில் பெயரிட இடங்கொடுக்கிறது. விளக்கு, மழை, நொடி, உயரம் என்று நம் பிள்ளை தன் சொல்லாலேயே பெயர் வைத்து நிரலெழுதலாம். ஒருவன் விசைப்பலகையில் ௧௨ என்று தமிழெண்ணில் தட்டினாலும் பைத்தான் அதனை 12 என்றே எண்ணாக மாற்றிக் கொள்கிறது! தமிழெண்ணைத் தமிழக அரசு மறந்தது. அயல்நாட்டார் ஆக்கிய நிரல்மொழி மறக்கவில்லை. பைத்தானுக்கே உரிய ஆங்கிலக் கட்டளைச் சொற்கள் 35. அவற்றையும் இன்றே மாற்றுக என்று நாம் அடம் பிடிக்கவில்லை. முப்பத்தைந்து பெயர்களை மனப்பாடஞ் செய்வது நம் பிள்ளைக்கு அரிதன்று; அவற்றின் கருத்தைத் தமிழில் விளக்கினால் போதும். முற்றுந் தமிழிலேயே எழுத விழைவார்க்கு முத்தையா அண்ணாமலை ஆக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழி உளது. தொடக்க வகுப்புக்கு அதனையே நாம் பரிந்துரைப்போம்.

கலைச்சொல்லும் வறண்டு கிடக்கவில்லை. மீண்டும் மீண்டும் ஒரே செயலைச் செய்யுமாறு பணிக்கும் நிரற்பகுதியைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'மடக்கு' என்கிறது. சொன்ன எழுத்தொடரே மீண்டும் வந்து பொருள் தரும் செய்யுளணியை நம் முன்னோர் மடக்கு என்றனர். இதனினும் பொருத்தமான சொல்லை எவர் படைக்கவல்லார்? எழுத்துகளைக் கோத்த தொடருக்குச் 'சரம்' என்ற பெயரும் நன்று. ஆனால் 'செயலி' என்னும் சொல் படும் பாட்டைப் பாருங்கள்! கணிப்பொறியின் மூளைக்கு முதலில் இட்ட பெயர் அது. இன்று கைப்பேசியில் இறக்கிக் கொள்ளும் பயன்மென்பொருளையும் நாளிதழ்கள் செயலி என்றே எழுதுகின்றன. 'இப்பலகையின் செயலியில் அச்செயலி ஓடாது' என்று ஒரு தொடர் வந்தால் மாணாக்கன் என்ன விளங்குவான்? மூளையை நுண்செயலி என்றும் மற்றதைக் குறுஞ்செயலி என்றும் வரையறுத்துக் கொள்வோர் உளர். அதனையேனும் எல்லாரும் ஒருமுகமாய்க் கைக்கொள்ளல் வேண்டும். இஃது ஆங்கிலத்தின் குற்றமன்று. நம் ஒழுங்கின்மையின் குற்றம்.

இன்னொரு குறையும் கண்கூடு. இப்பலகையில் உள்ள சில நிரலெழுது களங்களில் தமிழெழுத்து செவ்வனே தோன்றுவதில்லை. 'கெ' என்று தட்டினால் கொம்பு முன்னே நில்லாமல் பின்னே போய் ஒட்டிக்கொள்கிறது. 'கொ' சிதைந்து நிற்கிறது. தம் பெயரே சிதைந்து தெரியுமாயின் பிள்ளைகள் தமிழில் எழுத ஏன் விரும்புவர்? ஆனால் அம்மென்பொருள்கள் பூட்டிய பெட்டிகள் அல்ல. மூலநிரல் வெளிப்படையாக உளது. திருத்த உரிமையும் உளது. கணிப்பொறித் தொழிலில் பல்லாயிரம் தமிழர் சென்னையிலும் பெங்களூரிலும் கடல்கடந்தும் உழைக்கின்றனர். பிறர்க்கு நிரலெழுதிக் கொடுக்கும் அவருள் நால்வர் ஒரு கோடை விடுமுறையை இதற்கு ஒதுக்கினால் கொம்பு தன் இடத்திற்கு வந்துவிடும்.

மலைக்கு இப்பலகையால் என்ன பயன் என்று கேட்பார்க்கும் விடை உண்டு. முதலாவது, மின்செலவு. 5 வோல்ட்டு மின்னழுத்தத்தில், சிறிய பலகையாயின் 1 வாட்டு அளவும் பெரியதாயின் சில வாட்டும் கொண்டு இயங்குவதாகலின், சிறு கதிரவத்தகடும் மின்கலமும் இருந்தால் ஓடும். இரண்டாவது, இணையமின்றியும் இயங்கும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலக்கத்திற்கு மேற்பட்ட கட்டுரைகள் உள. அவ்வனைத்தையும் ஒரு நினைவட்டையில் ஏற்றி, பலகையையே அலைபரப்பியாக்கி, விடுதிப் பிள்ளைகள் இணையக் கட்டணமின்றிப் படிக்கச் செய்யலாம். கிவிக்சு என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கென்றே உளது. மூன்றாவது, சாமைப் புனத்திற்கு மழைக்கணக்கு. நிரம்பியதும் கவிழ்ந்து நிமிரும் சிறு முகவை உடைய மழைமானியை ஊசிமுனையோடு இணைத்து, எத்தனை முறை கவிழ்ந்தது என எண்ணினால் எத்தனை மில்லிமீட்டர் மழை என்பது தெரியும். சமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கும் காவலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கும் பெய்த மழையைப் பிள்ளைகளே ஒப்பிட்டால், செய்யாற்றைப் பிறப்பிக்கும் மலையின் நீர்க்கணக்கை அம்மலையின் மக்களே எழுதியவராவர்.

இடர்களையும் மறையாது சொல்லல் வேண்டும். மின்சாரம் திடீரென நின்றால் நினைவட்டையில் எழுதியது சிதையும். ஆதலின் முறையாக அணைக்கும் பழக்கமும் துணை மின்கலமும் தேவை. ஊசிமுனைகள் தாங்குவது 3.3 வோல்ட்டே, 5 வோல்ட்டைக் கொண்டுபோய் இணைத்தால் பலகை பாழ். மண்ணின் ஈரம் போன்று ஏறியிறங்கும் அளவுகளை இராசுபெரி பையின் பெரிய பலகை நேரே அளக்கவும் மாட்டாது. அதற்கு ஆர்டுவினோ போன்ற பலகையோ இடைச்சில்லொன்றோ வேண்டும். விற்போர் இவற்றை விளக்குவதில்லை. வாங்கி ஏமாந்த ஆசிரியர் இரண்டாம் முறை வாங்குவதில்லை.

அயலார் பலகையை இத்துணைப் போற்றலாமா என்று நம் அன்பர் சிலர் சினக்கலாம். சினம் நேரியதே. 2021-22 ஆண்டுகளில் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது இப்பலகைகள் கிடைக்காமலும், கிடைத்தாலும் பன்மடங்கு விலைக்கும் விற்றன. பிறர் கையை எதிர்பார்த்த கல்வி அன்று அப்படியே நின்றது. நம் மண்ணில் முயற்சி இல்லாமலில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் எவரும் உரிமக் கட்டணமின்றி ஆளத்தக்க ஆணைத்தொகுதியைக் கொண்டு நுண்செயலிகளை வடித்துளர். 2018-இல் முதற் சில்லுகளும் 2020-இல் மற்றொன்றும் வெளிவந்தன. திருவனந்தபுரத்தில் சி-தாக்கு நிறுவனத்தார் ஆர்டுவினோ போன்ற பலகையையே ஆக்கியுளர். சென்னையார் தம் குடும்பத்திற்கு இட்ட பெயர் 'சக்தி'; 2020-இல் வந்ததற்கு 'மௌசிக்'. தமிழ்நாட்டின் தலைநகரில் பிறந்த சில்லுக்கு 'ஆற்றல்' என்று பெயரிட்டால் அதன் விரைவு குறைந்துவிடுமோ? பெயரைப் பின்னர்ப் பார்த்துக் கொள்வோம். அச்சில்லுகள் பள்ளிப் பிள்ளையின் கைக்கு எட்டும் விலையில் பலகையாக வந்து சேர்தல் வேண்டும். அதுவரை கிடைத்ததில் கற்பதே அறிவுடைமை. நீந்தக் கற்பவன் குளத்தை வெட்டிவிட்டு இறங்குவதில்லை.

அரசை நாம் கேட்பது பெரிதன்று. சவ்வாது மலையின் உண்டு உறைவிட உயர்நிலை, மேனிலைப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் பத்துப் பலகைகளும் உரிய உறுப்புகளும், உடைந்தால் ஆசிரியரைக் கணக்குக் கேட்கமாட்டோம் என்னும் எழுத்தாணையும் தருக. இரண்டாவது முதலதினும் இன்றியமையாதது. வானியற்பியல் நிறுவனத்தாரிடம் நாம் வேண்டுவது, தாம் விண்ணுக்கு விடுத்த மீன்காண் கருவியின் செய்தியை அதனைச் சோதித்த மலையின் பிள்ளைகட்குத் தமிழில் ஒருநாள் எடுத்துச் சொல்லுமாறு.

நம் பங்கு நூல். கணியம் போன்ற முயற்சிகள் 'எளிய தமிழில்' என்னும் வரிசையில் மென்பொருள் நூல்களை விலையின்றி வெளியிட்டு வழி காட்டியுள. அவ்வழியிலேயே 64 பக்கச் சிறுநூலொன்றை நம் இதழ் வெளியிட எண்ணியுளது. விளக்கு மினுக்கல், மழையெண்ணல், வெப்பமளத்தல், விண்மீன் படமெடுத்தல் எனும் நான்கு பாடங்கள். ஒவ்வொன்றிலும் உறுப்புகளின் பட்டியல், விலை, இணைப்புப் படம், தமிழ்ப் பெயரிட்ட நிரல், நேரக்கூடிய பிழைகள் ஆகியவை இடம்பெறும். இயற்பியல் ஆசிரியரும் மின்னணுப் பணியாளரும் பாடத்தை எழுதித் தரலாம். புலவர் பெருமக்கள் சொற்களைப் பார்த்துத் தரலாம். எழுதுவோர் தாம் எழுதும் நிரலைப் பலகையில் ஓட்டிப் பார்த்த பின்னரே விடுத்தல் வேண்டும். ஓட்டிப் பார்க்கப் பலகையில்லாதார் எழுதினால் நம்மிடம் உள்ள ஒன்றை அஞ்சலில் அனுப்பி வைப்போம். ஒரு திங்களுக்குள் திருப்பியனுப்புக.